செவ்வாய் ஒரு சுற்று வருவதற்குள்

கணினித் திரையின் நடுவே சூரியனை வைத்து, சுற்றிலும் கிரகங்களை ஓடவிடும் மென்பொருள் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு கிரகத்துக்கும் எடை, தூரம், வேகம் மூன்றையும் நாமே கொடுக்க வேண்டும். எண்கள் சரியாக இருந்தால் அது தன் பாட்டுக்குச் சுற்றும். திருவொற்றியூரில் மளிகைக்கடை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று மனைவி கேட்டாள்.

எதற்கு என்று கேட்காமல் பார்த்தவன் என் பள்ளித்தோழன் ஒருவன்தான். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவன். கரையில் இருக்கும் நாட்களில் சாயங்காலம் கடைக்கு வந்து, அரிசி மூட்டையில் சாய்ந்துகொள்வான்.

"இஞ்சினே இல்லாம இன்னாமா சுத்திகினு கீது மாமு. டீசல் மிச்சம்."

மங்களூரில் படகு வேலை கிடைத்துக் கிளம்பிய அன்று, திரையில் செவ்வாயைக் காட்டிச் சொன்னான்: "இந்த செவப்பு ஒரு ரவுண்டு அடிக்கிறதுக்குள்ள வந்துடுவேன் பாரு."

அப்போது திரையில் ஒரு மாதம் ஒரு வினாடியில் ஓடிக்கொண்டிருந்தது. டீ ஆறுவதற்குள் சுற்று முடிந்துவிடும். நிஜத்தில் அதற்கு அறுநூற்று எண்பத்தேழு நாள் என்பதை நான் சொல்லவில்லை. சூரியனுக்குப் பக்கத்தில் இருந்த புதனைக் காட்டியிருந்தால் எண்பத்தெட்டே நாள்.

அவன் போனதும் நிஜ வேகத்திலேயே ஓடவிட்டேன். வெளியே ஒரு நாள் போனால் திரையிலும் ஒரு நாள். செவ்வாய் அசைவதாகவே தெரியவில்லை.

"ஹேங் ஆயிடுச்சா?" என்றாள் மனைவி.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் நகல் ஒன்று எடுத்து, அதில் செவ்வாயின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். சீக்கிரம் வரும் என்பது என் அறிவு. அதுவோ இன்னும் வெளியே விலகிப் போய், பெரிய வட்டமாகப் போட்டு, திரும்பிவர முன்னைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டது. இதை விளக்கும் மூன்று புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றன. மூன்றையும் அடிக்கோடிட்டுப் படித்தவன் நான். நகலை அழித்தேன். 'எப்போ வர்றே' என்று அவனைப் போனில் நச்சரிப்பதையும் அன்றோடு விட்டேன்.

போன வாரம் செவ்வாய் கிளம்பிய இடத்துக்கே வந்து, தாண்டியும் போய்விட்டது. நேற்று அவனே கூப்பிட்டான். முதலாளி இன்னொரு சீசன் இருக்கச் சொல்கிறாராம்.

"நம்ம செவப்பு எங்க கீது மாமு? ரவுண்டு முடிஞ்சிடுச்சா?"

திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எங்கடா, இன்னும் கொஞ்சம் பாக்கி கீது."

"அப்ப சரி," என்றான். "வந்துடலாம்."