தாய்மாமன் மடி

வைரக்கண்ணுவைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று சொன்ன வாயெல்லாம் அழுகிப் போகட்டும். நாற்பத்து மூன்றில் மருதையாற்று ரயில் பாலத்தில் அவனோடு வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரியாதா?

ஆற்று மணலில் செங்கல்லால் கிணறு கட்டுவோம். உள்ளே மணலை அள்ள அள்ள, மேலே அடுக்கிய தண்டவாளப் பாரத்தில் கிணறு கீழே இறங்கும். அது பாறையில் போய் உட்கார்ந்தால்தான் மேலே தூண் எழுப்ப முடியும். அந்த வருஷம் ஒரு கிணறு பாதியில் நின்றுவிட்டது. களிமண் கவ்விக்கொண்டது, வேறென்ன? ஊரோ, பாலம் தலைச்சன் பிள்ளையைக் காவு கேட்கிறது, வேலையாட்கள்தான் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று கிளப்பிவிட்டது. அந்தக் கதையைத் தங்கை உண்ணாமலையிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னவனே வைரக்கண்ணுதான்.

தாயில்லாத அவளை இடுப்பில் சுமந்து வளர்த்தவன் அவன். அவள் மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்துவார்கள்! கிணற்றுக்குள் மண் அள்ளும்போதும் பாவி அதையேதான் பேசிக்கொண்டிருந்தான். தங்கத்தில் கடுக்கன் செய்து வாங்கினான். சண்டைக்காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் பெரம்பலூர் போய் இறங்கி, சீர்த்தட்டோடு அவள் வாழ்க்கைப்பட்ட குரும்பலூருக்கு நடந்தோம்.

பந்தலுக்குள் நுழைந்ததும் பேச்சு அடங்கியது. பிள்ளை ஏற்கெனவே அதன் சித்தப்பன் தர்மராஜ் மடியில் உட்கார்ந்திருந்தது. வைரக்கண்ணு கை நீட்டினான். உண்ணாமலை குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாதண்ணே. அவன் தலைச்சன்."

"உண்ணாமல, நான்டி!"

"பாலம் முடியட்டும். அப்புறம் வா."

ஊர் ஆயிரம் சொல்லட்டும், இவள் சொல்லலாமா? அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினான். கடுக்கனை மட்டும் கொடுக்கவில்லை.

மாசியில் இன்னும் கொஞ்சம் தண்டவாளம் ஏற்றினோம். கிணறு அசைந்து கொடுத்தது, இறங்கிப் பாறையில் உட்கார்ந்தது. சேதி கேட்டு உண்ணாமலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கொட்டகைக்கே வந்துவிட்டாள்.

"கெணறு எறங்கிடுச்சாமே அண்ணே. இனிமே பயமில்ல. இந்தா, மருமவனத் தூக்கிக்க."

பிள்ளை சிரித்தது. அதன் காதில் யாரோ போட்ட கடுக்கன். வைரக்கண்ணு கையைக் கட்டிக்கொண்டான்.

"யாரு புள்ளையக் குடுத்து எறக்குனேன்னு கேக்கலியே, உண்ணாமல?"

அவள் நீட்டிய பிள்ளையைத் திரும்ப மார்போடு சேர்த்துக்கொண்டாள்.