பனச்சமூட்டில் பெயர் கேட்காத வைத்தியர்

இது இப்படித்தான் முடியும் என்று நான் அன்று காலையே கணித்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் ஆள் முகத்தைப் படிப்பதில் நான் எம்.ஏ. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மழைக்கால வியாழக்கிழமை, என் தங்கை தங்கத்தோடு செய்த பயணம் இது. அந்தப் பக்கம் இதே காரியமாகப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

தங்கத்துக்கு அப்போது நாற்பத்தொரு வயது. முந்திரி ஆலையில் வேலை. மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு எங்கள் கிறிஸ்தவ சபையில் நிச்சயதார்த்தம் வைக்க மூன்று வாரமே இருந்தது. அந்த நேரத்தில் இவளுக்கு இரண்டு மாதமாக நாள் தள்ளிப்போயிருந்தது. குடும்பக் கட்டுப்பாடு என்ற பேச்சை எடுத்தாலே மச்சான், அவள் புருஷன், வெளியே இறங்கிப் போய்விடுவார்.

“மாப்பிள்ள வீட்டுக்காரங்க வரும்போ நான் வயித்தத் தள்ளிட்டு நிக்கவா அண்ணா? அந்தப் பிள்ளைக்க மொகத்த எப்படிப் பாக்க?” என்றாள்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போவதாகப் புறப்பட்டோம். எங்கள் பாறசாலையிலிருந்து பத்து கிலோமீட்டர்தான். பேருந்தில் தெரிந்தவர்கள் ஏறுவார்கள் என்று நூற்றைம்பது ரூபாய்க்கு ஜீப் பிடித்தேன். காலை ஏழேகால். டிரைவரைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியில் தங்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“ஆஸ்பத்திரியில பேரு எழுதுவாவ. சபை முழுக்க அறியும். பனச்சமூட்டுல ஒரு வைத்தியர் உண்டு. பேரும் கேக்க மாட்டாரு, ஊரும் கேக்க மாட்டாரு” என்றான். வண்டியையும் வெள்ளறடை வழிக்குத் திருப்பிவிட்டான்.

எட்டு மணிக்குப் பனச்சமூடு. சந்தைக்குப் பின்னால் வீடு. முன்வாசல் கேரளம், அடுக்களை தமிழ்நாடு. ஏதாவது ஆகிப்போனால் எந்தப் போலீஸ் வரும் என்று அப்போதே யோசித்தேன். வாசலில் நான்கு ஜோடி பெண்கள் செருப்பு கிடந்தது. உள்ளே ஒரு குரலும் கேட்கவில்லை. வைத்தியர் வாசனை சோப்புப் போட்டுக் குளித்திருந்தார். அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

அவர் பெயர் கேட்கவில்லை. எத்தனை மாதம் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

“ரெத்தம் நிக்காம போனா என்ன செய்வீரு?” என்று தங்கம் கேட்டாள்.

“அப்படி வராது.”

“வந்தா?”

“அதுக்குத்தான் ஜீப்பு நிக்குதே.”

தங்கம் எழுந்து வந்து வண்டியில் ஏறிவிட்டாள். நான் கண்ணைக் காட்டியதும் எழுந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெய்யாற்றின்கரை சேரும்போது ஒன்பதரை. டாக்டரம்மா அவள் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, பனச்சமூடு போய்வந்ததையும் கேட்டு, என்னைத்தான் ஏசினார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஆறுதான் இருந்தது.

“இந்த ரத்தத்த வச்சிட்டு வெளிய எவனோ தந்ததத் தின்னிருந்தா ஆளு கெடைச்சிருக்க மாட்டா. வேண்டாம்னா இங்க முறையா செய்யலாம். உங்க கையெழுத்து போதும், வேற யாருக்க சம்மதமும் வேண்டாம்” என்று தங்கத்திடம் சொன்னார்.

தங்கம் கையெழுத்துப் போட்டாள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏறியது, ஆறு நாள் படுக்கை. ஆலையில் அவள் இடத்தில் வேறொருத்தியை உட்கார்த்திவிட்டார்கள். மஞ்சள்காமாலை என்று ஊரில் சொன்னோம். மாப்பிள்ளை வீட்டார் அது தொற்றுமா என்று விசாரித்து, நிச்சயத்தை ஒரு மாதம் தள்ளினார்கள். இவ்வளவும் வந்தது, முன்பே ஒரு நர்ஸிடம் கருத்தடை பற்றி யாரும் வாய் திறந்து கேட்காததால்.

போகிறவர்கள் எட்டு மணிக்குள் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எடுத்துவிடுங்கள். மாற்றுச் சேலையும் வெந்நீருக்குப் பிளாஸ்க்கும் கொண்டுபோங்கள். டாக்டரிடம் மாதத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பெயர் கேட்கிற இடத்துக்கே போங்கள்.

இன்னொன்று. அந்த டிரைவர் பாவம், வழி முழுக்க வாயே திறக்கவில்லை. ஜீப்பைப் பனச்சமூட்டுக்கு என்றே பேசிப் பிடித்தவன் நான். வைத்தியர் வீட்டை இரண்டு நாள் முன்பே விசாரித்து வைத்தவனும் நான்தான். தங்கம் இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.