மலையில் பஸ் வராத நாட்கள்

எனக்கும் அவருக்கும் கல்யாணமான புதிது. அவர் மரச்சாமான் ரிப்பேர் செய்பவர். வீடோ ஆபீஸோ, கூப்பிட்ட இடத்துக்கே பெட்டியோடு போய்ச் சரிசெய்து கொடுப்பார். எனக்கு நாற்காலிக்குப் பிரம்பு பின்னத் தெரியும். அதற்காகத்தான் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள் என்று நினைத்திருந்தேன்.

கல்வராயன் மலையில் ஒரு பழைய பங்களாவுக்கு வேலையாகப் போனோம். வராந்தா நிறைய நாற்காலிகள். கால் ஆடுபவை, முதுகு கிழிந்தவை. காலையில் பனி வராந்தாவுக்குள்ளேயே வந்து நிற்கும். எதிரில் இருக்கும் அவர் முகம் தெரியாது, இழைப்புளியின் சத்தம் மட்டும் வரும். ஊறவைத்த பிரம்பை விரலில் சுற்றிக்கொண்டு அந்தச் சத்தத்தோடு பின்னிக்கொண்டிருப்பேன். "உளிய எடு", "சாப்புடலாமா". எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

வேலை முடிந்த அன்று காவலாளி வந்து சொன்னார். "கீழ எட ஒதுக்கீடு கேட்டு மறியலுங்க. ரோடு முச்சூடும் மரத்த வெட்டிப் போட்டுட்டாங்களாம். பஸ்ஸு வராது."

"எப்ப வருமாம்?" என்றார் இவர்.

"யாருக்குத் தெரியும்? இங்கியே இருங்க. சோத்துக்கு இன்னா, சாமை இருக்குது."

இருந்தோம். சும்மா இருக்க முடியாமல் இவர் காவலாளி வீட்டுக் கட்டிலைச் சரிசெய்தார். அது பரவி, மலைக்காரர்கள் தொட்டிலும் முக்காலியும் கட்டிலுமாகத் தலையில் சுமந்துகொண்டு வந்தார்கள். பனிக்குள்ளிருந்து முதலில் நான்கு மரக்கால்கள் மிதந்து வரும். பிறகுதான் ஆள் தெரியும்.

ஒரு மத்தியானம், பின்னி முடித்த சாய்வு நாற்காலி தாங்குமா என்று பார்க்க உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். விழித்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. என்மேல் அவருடைய துண்டு. அவர் பாதி இழைத்த பலகையை மடியில் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க, வேல செய்யலியா?"

"சத்தம் கேட்டா நீ எழுந்துக்குவ."

எங்கிருந்தோ தைரியம் வந்தது. "பிரம்பு பின்னுவேன்னுதான என்னக் கட்டிக்கினீங்க?"

"நீ பின்னுவன்னே எனக்கு அப்பத் தெரியாது" என்று சிரித்தார். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கி எங்கப்பா ஒக்காந்த சேரு ஆடிக்கினு இருந்துச்சி. நீ தண்ணி குடுத்துட்டு, ஒரு அட்டைய மடிச்சி அது கால்ல சொருகிட்டுப் போன. அதப் பாத்துதான் சரின்னேன்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அன்று இருட்டும் வரை பேசினோம். என்னென்ன பேசினோம் என்பது மறந்துவிட்டது; பேசப் பேச அவர் சிரித்தது மட்டும் நிற்கிறது.

பஸ் வரவேயில்லை. கடைசியில் நடந்தே இறங்கினோம். வடக்கனந்தல் பக்கத்தில் பெரிய புளியமரம் ஒன்று ரோட்டை அடைத்துக் கிடந்தது. அன்று காலையில்தான் வெட்டியிருப்பார்கள், பச்சை இலைகள் இன்னும் வாடவில்லை. அதன்மேல் வாலிபர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கேர்ந்துண்ணே வரீங்க?"

"மலைமேல. சேரு ரிப்பேருக்குப் போனோம்."

"பெட்டியக் குடுங்க" என்று வாங்கி, கைமாற்றி அந்தப் பக்கம் இறக்கினார்கள். அவர் வெட்டுப்பட்ட இடத்தில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏறித் திரும்பி, அத்தனை பேர் பார்க்க என் பக்கம் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் இறங்கியும் அவர் விடவில்லை. வண்டியே இல்லாத அந்த ரோட்டில் அப்படியே நடந்தோம்.