அடுப்படிக் கதவு எந்தப் பக்கம்?

கரன்ட் போய் ஃபேன் நின்றுவிட்டது. கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம். ஜன்னலால் வந்த காற்றும் சூடு, முதுகோடு ஒட்டிக்கொண்ட ப்ளவுஸ்... எங்களுக்கு முன்னால் நின்ற கொரியாக்காரர் மட்டும் டையைக்கூடத் தளர்த்தவில்லை. தங்கள் நாட்டுப் பழைய வீடுகளில் அடுப்புச் சூட்டைத் தரைக்குக் கீழே ஓடவிடுவார்கள் என்று இங்கிலிஷில் விளக்கிக்கொண்டிருந்தார்.

தரையைச் சூடாக்கி அதன்மேல் படுப்பதாம். வியர்த்து ஒழுகிய எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

யுத்தம் கொஞ்சம் ஓய்ந்து, சமாதானப் பேச்சு நடந்த காலம் அது. செக்பொயின்டில் இறங்காமல் பஸ்ஸில் வீடு போவதே புதுசாக இருந்தது. நான் வெள்ளவத்தையில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஒஃபிஸில் வீட்டு ப்ளான் கீறிக்கொண்டிருந்தேன். வடக்கு கிழக்கை எப்படி முன்னேற்றலாம் என்று ஒரு வேர்க்ஷொப். பொஸ் என்னை அனுப்பியிருந்தார்.

கொரியாக்காரர் சொன்னது இதுதான். அவருடைய ஊர் வாடிப்போய்க் கிடந்ததாம். வளைந்த ஓட்டுக்கூரை போட்ட பழைய வீடுகளைத் திருத்தி, வெளியூர் ஆட்களைத் தங்கவைத்தார்களாம். சாப்பாட்டுக்கடை வந்தது, தச்சருக்கு வேலை வந்தது, பட்டணம் போன பிள்ளைகளும் திரும்பி வந்தார்களாம்.

நீங்களும் உங்கள் பகுதிப் பழைய வீடு ஒன்றை நாளைக்குக் கீறி வாருங்கள் என்றார்.

எனக்கு இதைவிட லேசான வேலை உண்டா? யாழ்ப்பாணத்தில் பலாலிப் பக்கம் எங்கள் நாற்சார் வீடு இருக்கிறதே... நடுவில் முற்றம், நாலு பக்கமும் அறைகள். சின்ன வயதில் ஷெல்லுக்குப் பயந்து ஓடிவந்த பிறகு பார்க்கவில்லை. அது ஆமி பிடித்துவைத்த வலயத்துக்குள், யாரையும் விடமாட்டார்கள். ஆனாலும் கண்ணை மூடினால் முற்றத்தில் மழை பெய்யும்.

பின்னேரம் நாங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸில் பேப்பரை விரித்தேன். முற்றம் வந்தது. சாமியறை வந்தது. அடுப்படிக் கதவில் பென்சில் நின்றுவிட்டது. ஊரார் வீடெல்லாம் கீறித் தள்ளுகிற எனக்கு என் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை!

அம்மாவைக் கேட்டேன். கிணற்றுப் பக்கம் என்றார். பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அப்பா, இல்லை, மாமரத்துப் பக்கம் என்றார்.

"சமைச்சது நானோ நீங்களோ?"

"கட்டினது என்ர அப்பா."

கிணறு ஒரு பக்கம், மாமரம் அதற்கு எதிர்ப்பக்கம் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. அன்றைய சாப்பாடு பேச்சில்லாமல் போனது. எனக்குப் பயம்தான் வந்தது. ஒரு போட்டோகூட எடுத்துவரவில்லை. இவர்களும் மறந்துவிட்டால் அந்த வீடு வேறு எங்கே இருக்கிறது?

மறுநாள் இரண்டு பக்கமும் கதவு வைத்துக் கொண்டுபோனேன். ஏன் இரண்டு என்று கொரியாக்காரர் கேட்டார். சொன்னேன். அவர் பிறந்த வீடும் அங்கே நடந்த யுத்தத்தில் எரிந்ததுதானாம். முதல்நாள் கரன்ட் போகமுன் ஸ்லைடில் காட்டிய வீடுகளில் பாதி, பழைய மாதிரியே திரும்பக் கட்டியவையாம்.

அப்படியென்றால் அது பழைய வீடா, புது வீடா என்று கேட்டேன். தனக்கும் தெரியாது என்றார். அளவு பிசகாமல் தன் வீட்டைக் கட்டி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாராம். அந்த மனுசி உள்ளே எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, நல்ல வீடு, இது யாருடையது என்று கேட்டாராம்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... பஸ்ஸில் வரும்போதுதான் எதற்குச் சிரித்தோம் என்று குழம்பினேன்.

எங்கள் வீட்டுக் கதவுச் சண்டை கடைசிவரை தீரவில்லை. அப்பா போனார். பிறகு அம்மாவும்.

போன மாதம்தான் ஆமி எங்கள் காணியைத் திருப்பி விட்டது. தம்பியும் நானும் போனோம். வீடு இல்லை, அத்திவாரம்கூட இல்லை. பற்றையை வெட்டிக்கொண்டு போனால் கிணறு மட்டும் இருந்தது. அதன் கட்டோடு ஒட்டினாற்போல் ஒரு மாமரத்தின் அடிக்கட்டை.

இரண்டும் ஒரே பக்கம்.

இரண்டு பேரும் ஒரே கதவைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சிரிக்கவேண்டிய விஷயம், எனக்கு அழுகை வந்தது. சொல்லிச் சிரிக்க இரண்டு பேரும் இல்லையே.

இப்போது யாழ்ப்பாணத்தில் பழைய வீடுகளுக்கு ஏசி பூட்டி, வாசலில் போர்ட் தொங்கவிட்டு ஆட்களைத் தங்கவைக்கிறார்கள். கொரியாக்காரர் சொன்னது பலித்துவிட்டது. தம்பியும் நாற்சாராகவே கட்டி கெஸ்ட் ஹவுஸ் நடத்துவோம் என்று நிற்கிறான்.

"அக்கா, உங்களுக்குத்தானே வீடு தெரியும். கீறித் தாங்கோ."

கீறிக்கொண்டிருக்கிறேன். இந்தமுறை ஒரே ஒரு அடுப்படிக் கதவு, சரியான பக்கத்தில். கட்டி முடிந்ததும் முதலில் உள்ளே போகப்போவது நான்தான்... போய் முற்றத்தில் நின்று, இது யாருடைய வீடு என்று நானே கேட்டுவிடுவேனோ தெரியவில்லை.