உதிர வேண்டிய இரண்டடிச் சுவர்

பழிவாங்கும் வேலையை ஒரு சுவரிடம் ஒப்படைத்துவிட்டு டீ குடிக்கப் போன கொத்தனார் மரக்காணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எனக்கு அவ்வளவுதான் மூளை, அவ்வளவுதான் தைரியம்.

சுவர், பழைய சாமியார் பங்களாவினுடையது. பங்குச் சாமியார்கள் புது வீட்டுக்குப் போனதும் அதைப் பூட்டிப் போட்டிருந்தார்கள். ஒன்றரை முழத் தடிமனில் செங்கல் சுவர், முன்னால் ஐந்து வளைவுகள், தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிய கூரை. கட்டியவர்கள் விவரமானவர்கள். உப்பளத்து மண்ணிலிருந்து ஓதம், அதாவது உப்பு ஈரம், சுவரில் ஏறியே தீரும் என்பதால், அடியில் இரண்டடிக்குத் தனியாக, இளக்கமான சுண்ணாம்புக் காரை பூசினார்கள். உப்பை அது வாங்கிக்கொண்டு உதிரும், மேல்சுவர் பிழைக்கும். வருஷம்தோறும் ஈஸ்டருக்கு முன்னால் அதைச் சுரண்டிப் புதிதாகப் பூசியவன் நான்.

பங்களாவைப் புதுப்பிக்கக் கோயில் கமிட்டி கூடியது. என் மனைவியின் அண்ணன்தான் அதில் பெரிய ஆள். எல்லோர் முன்னாலும் சொன்னார்: "வருஷா வருஷம் உதிர்ற மாதிரி பூசினாத்தான மாப்ளைக்கு வருஷா வருஷம் வேலை."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான். வீட்டுக்கு வந்துதான் எரிந்தது.

அந்த இரண்டடிக்கும் சிமெண்ட் பூச வெளியூர் ஆட்கள் வந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எதிர்க்கடையில் டீயோடு சேர்த்து அதையும் விழுங்கினேன். 'பூசுங்கடா, நல்லா கெட்டியாப் பூசுங்க' என்று மனசுக்குள் ஆசீர்வாதம் வேறு.

மழை முடிந்தது. வெளியேற வழியில்லாத உப்பு சிமெண்ட்டைத் தாண்டி மேலே ஏறிப் பூத்தது. தினமும் போய்ப் பார்த்தேன். பிள்ளை வளர்வதைப் பார்ப்பதுபோல் அவ்வளவு சந்தோஷம். உப்பளத்தில் உப்பு வார ஆரம்பித்தபோது அது வளைவுகளுக்கே வந்துவிட்டது. நடு வளைவின் காரை பெயர்ந்து, உள்ளே செங்கல் மாவாகக் கொட்டியது. அன்றைக்கு டீ இறங்கவில்லை. அந்த வளைவு விழுந்தால் மச்சானுக்கு என்ன நஷ்டம்? தடவித் தடவி அதைக் காப்பாற்றி வந்த கை என்னுடையது.

இருந்தாலும் விட மனசில்லை. ஞாயிறு பூசை முடிந்து கமிட்டியே வளைவுக்கடியில் அண்ணாந்து நின்றபோது, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "சிமெண்ட் பூசுன அன்னிக்கே இப்படி ஆவும்னு எனக்குத் தெரியும் மச்சான்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மச்சான் வளைவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"தெரிஞ்சும் சொல்லலைல்ல, அந்தச் சிமெண்ட்ட நீயே கொத்தி எடு."