பக்கத்து வீட்டுக் கோழி முட்டையை நிறுத்தியது ஏன்?

இன்று காலை பக்கத்து வீட்டில் ஒரு விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவள் அந்த வீட்டு மருமகள் ரோஸ்.

கோழி முட்டை வைத்துப் பதினைந்து நாளாகிறது. ரோஸ்தான் ரகசியமாக எடுத்துத் தின்கிறாள் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார்.

"ஒட்டன்சத்திரத்துல வாங்கின நாள்லேருந்து நிறுத்தாத கோழிடி இது! மாதா மேல சத்தியமாச் சொல்லு, தின்னியா இல்லையா?"

"தொடவே இல்லத்தே!"

பிறர் வீட்டுச் சண்டையில் நான் நுழைவதில்லை. ஆனால் அவள் அழுவது சுவர் தாண்டிக் கேட்டது. போனேன்.

கொல்லையெங்கும் இறகு. கோழியின் கழுத்து மொட்டையாகி, புது இறகு முள் முள்ளாக முளைத்திருந்தது.

"பெரியம்மா, இந்த ஐப்பசியில கோழி பழைய இறகை உதிர்க்கும். புதுசு வளர்ற வரைக்கும் சத்தெல்லாம் அதுக்கே போயிரும், முட்டை வைக்காது. புத்தகத்துல படிச்சேன்."

அவர் கோழியைத் தூக்கித் தடவிப் பார்த்தார். முகம் இளகியது.

"அடப் பாவமே! இம்புட்டு நாளா ஓயாம வச்சுச்சே, செத்த ஓய்வு வேணாமா? ஏண்டி ரோசு, நின்னு பாத்துக்கிட்டு இருக்க? கம்பை இடிச்சுக் கொண்டா. கருவாட்டுத் தலையையும் நுணுக்கிப் போடு!"

ரோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு உலக்கையை எடுத்தாள். பழி நீங்கிவிட்டது. ஆனால் பரிவு முழுவதும் கோழிக்குப் போய்விட்டது.

நான் கிளம்பும்போது மெதுவாகக் கேட்டாள்: "ஏக்கா, மருமகளுக்கு எப்ப இறகு உதிரும்னு அந்தப் புத்தகத்துல போட்டிருக்கா?"

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன்; அது மட்டும் இல்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் ஒரு கார்டு போடுங்கள். அவள் மாமியாரிடமே படித்துக் காட்டுகிறேன்.