இருபத்து மூன்றாம் குழாய்

1. ஐப்பசி மழைக்கு நடுவே ஒரு செவ்வாய்க்கிழமை, ஏற்காட்டு மலையில் உள்ள ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்தெட்டுப் பெண்களுக்கு ஆளுக்கொரு குழாயும் மெல்லிய பிரஷ்ஷும் கொடுக்கப்பட்டன. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் யாருக்காவது இருக்கிறதா என்று பார்க்க, அவர்களே தங்கள் மாதிரியை எடுத்துத் தருவதற்காக.
2. முப்பத்தெட்டுக் குழாய்களும் திரும்பி வந்தன. ஒன்றுகூடக் கசியவில்லை.
3. வியாழக்கிழமை, சேலத்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் அவற்றைச் சோதித்தேன்.
4. முப்பத்தேழில் வைரஸ் இல்லை. இருபத்து மூன்றாம் குழாயில் இருந்தது. வகை பதினாறு. டாக்டர்கள் அதிகம் அஞ்சும் வகை.
5. அந்தக் குழாயில் யார் பெயர் ஒட்டியிருந்ததோ அந்தப் பெண்ணை மருத்துவமனைக்கு வரவழைத்தார்கள். டாக்டர் கருவி வைத்துப் பார்த்தார். கருப்பை வாய் சுத்தமாக இருந்தது.
6. அவரிடம் புதிதாக மாதிரி எடுத்து எனக்கு அனுப்பினார்கள். அதில் வைரஸ் இல்லை.
7. குழாயை மாற்றிவிட்டாயா என்று என்னைக் கேட்டார்கள்.
8. நான் மாற்றவில்லை.

எட்டாவது வரியை எழுத்தில் நிரூபிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. குழாய் எந்த மணிக்கு வந்தது, எந்தத் தட்டில் எந்தக் குழியில் இருந்தது, அதற்கு முன்னும் பின்னும் யாருடையது என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். எங்கள் தலைமை டாக்டர் படித்துவிட்டு, தவறு என்னுடையது இல்லை என்று ஒப்புக்கொண்டார். பல பெண்களின் உடம்பு இந்த வைரஸைத் தானாகவே துரத்திவிடும், இந்தப் பெண்ணுக்கும் அப்படி நடந்திருக்கலாம், ஃபைலை மூடு என்றார். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனால் என்னால் மூட முடியவில்லை.

எங்கள் இயந்திரம் ஒவ்வொரு குழாய்க்கும் திரையில் இரண்டு கோடுகள் வரையும். ஒன்று வைரஸுக்கு. இன்னொன்று மனித மரபணு ஒன்றுக்கு. பிரஷ்ஷில் உண்மையிலேயே ஒருவருடைய செல்கள் ஒட்டியிருக்கின்றனவா, வெறும் தண்ணீரா என்று தெரிந்துகொள்வதற்காக அதையும் பார்ப்போம். இருபத்து மூன்றில் இரண்டு கோடுகளும் சீக்கிரமே கிளம்பி மேலே போயிருந்தன. அந்த இரண்டாவது கோட்டைத்தான் நான் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்று அது சொல்கிறது. யார் என்று சொல்வதில்லை.

எங்கள் வீடு ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில், அத்தாவின் கடைக்கு மேலே இருக்கிறது. மழைக்கோட்டு, கம்பளி, ரப்பர் செருப்பு, குடை விற்கும் கடை. காலையில் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கி, சாயங்காலம் திரும்பி ஏறுவேன். அந்த வாரங்களில் பஸ்ஸில் என்னால் புத்தகம் படிக்க முடியவில்லை. வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு பெண்ணையும் பார்த்தேன். முப்பது வயது, நாற்பது வயது, தோளில் துணிப்பை, பக்கத்தில் பிள்ளை. யாரும் நோயாளி போல இல்லை. இந்த வைரஸ் இருப்பவர்கள் அப்படி இருக்கவும் மாட்டார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கேட்டுவிட்டார். இல்லை என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விஷயம் வெளிவந்தது நர்ஸம்மாவின் ஒரு கிண்டலில். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மூன்று மாதம் முன்புதான் மாற்றலாகி மலைக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் அவர். எஸ்டேட்டில் குழாய்களைக் கொடுத்தவரும், பிறகு அந்தப் பெண்ணை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனவரும் அவர்தான். வேறு எதற்கோ போனில் பேசும்போது சொன்னார்:

"அந்தக்கா இருக்கறாங்களே கண்ணு, நொம்ப மறதி. ரெண்டாந்தரம் பிரஷ்ஷக் குடுத்தா, இதென்ன பல்லு வெளக்கறதான்னு கேக்கறாங்க. மூடியத் தொறக்கவே தெரியல. போன மாசந்தான் அத்தன பேருக்கும் காட்டிக் குடுத்தேன்."

அவர் சிரித்தார். நான் இருபத்து மூன்றாம் குழாயின் தாளை மறுபடி எடுத்தேன்.

காப்பி எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. மலையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வேலைக்கு வந்தவர்களைக் கணக்கெடுக்கும் ரைட்டரின் நோட்டில் பெயர் உள்ள பெண்ணுக்கு வர முடியாவிட்டால், வீட்டிலிருந்து வேறொரு பெண் வந்து அந்தப் பெயருக்கு நிற்பாள். காலையில் ரைட்டர் பெயரைக் கூப்பிடுவார். நிற்பவள் "இருக்கேனுங்க" என்பாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் டிக் அடிப்பார். செடிக்குக் கை வேண்டும், நோட்டுக்குப் பெயர் வேண்டும். இரண்டும் கிடைத்துவிட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்த நோட்டிலிருந்து பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்கியவள் நான். முகாம் அன்று கையெழுத்துக் குழப்பம் வரக்கூடாது என்று, முப்பத்தெட்டுப் பெயர்களையும் வரிசையாகத் தட்டச்சு செய்து, பார்கோடோடு சேர்த்துக் குழாய்களில் ஒட்டி மேலே அனுப்பினேன். அன்று நான் போகவில்லை. பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெண்கள் மழையில் நின்றிருக்கிறார்கள். ரைட்டர் பெயர் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்ட பெயருக்கு வந்தவள் அந்தப் பெயர் ஒட்டிய குழாயை வாங்கிக்கொண்டு ஸ்டோர் ரூமில் திரைக்குப் பின்னால் போயிருக்கிறாள். யாருடைய முகமும் நர்ஸம்மாவுக்கு அதுவரை பழக்கமில்லை. என் ஒழுங்கைக் குறித்து நானே கொஞ்சம் பெருமைப்பட்டிருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

குழாயில் பெயர் இருந்த அந்தப் பெண் செம்மநத்தத்துக்காரர். ஐம்பதுக்குள் இருப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே எங்கள் கடைக்குச் செருப்பு வாங்க வந்தார். நான் எந்த ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன் என்று மலையில் பலருக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க கண்ணு, நல்லா இருந்தவள நோயாளியாக்கி, பஸ் ஏத்தி, படுக்க வெச்சுப் பாத்து, ஒண்ணுமில்லீன்னு அனுப்பியுட்டீங்க. இன்னும் ஏதாச்சும் பாக்கியிருக்குதா?"

கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். மழைக்கோட்டுகள் தொங்கும் இடத்துக்குப் பின்னால் அவரை அழைத்துப் போய், அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கே இருந்தார் என்று கேட்டேன். வேலைக்குத்தான் போனேன், ரைட்டர் நோட்டில் டிக் இருக்கும் என்றார். நோட்டு எனக்கு வேண்டாம், ரைட்டரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். அவர் செருப்பின் வாரைத் தடவிக்கொண்டே இருந்தார். எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் மேனேஜர், பெயருக்கு ஆள் நிற்பது தெரிந்தால் அந்தப் பெயரையே அடித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாராம். அவர் பெயர் அதில் ஏறிப் பத்தொன்பது வருடம். அன்று மகளின் பிரசவத்துக்குச் சேலத்தில் இருந்திருக்கிறார்.

"எங்கொழுந்தனார் சம்சாரம் நின்னா," என்றார் கடைசியில். "கிளியூர்ல ஊடு. அன்னிக்கு டெஸ்ட்டுன்னு அவளுக்கும் தெரியாது. மாட்டேன்னு சொன்னா நா மாட்டிக்குவனேன்னு, குடுத்ததை வாங்கிட்டு உள்ள போயிருக்கறா."

இன்னொரு பெண்ணின் சோதனை முடிவை இவரிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த முடிவை, தன்னுடையது என்று நம்பி, இவர் ஒரு முறை கேட்டுவிட்டார். முகம் மாறுவதைப் பார்த்தேன்.

"அப்ப அது..."

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. அவங்கள ஒருக்கா டாக்டர் பாக்கணும். அவ்வளவுதானுங்க."

கம்பளி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் என்றார். சின்னது இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. கார்த்திகையில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் குடகுக்குக் காப்பி பறிக்கப் போய்விட்டார்கள். பிள்ளைகள் இவரிடம்தான் இருக்கிறார்கள். வாங்கிய செருப்பை மறந்துவிட்டுப் போனார்.

தலைமை டாக்டரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். வைரஸ் இல்லை என்று வந்த முப்பத்தேழு பேரிலும் எத்தனை பேர் உண்மையில் குழாயைத் தொட்டார்கள் என்று இப்போது யாருக்கும் தெரியாது என்பதையும் எழுதினேன். எஸ்டேட்டுக்குச் சொல்லாமல், செம்மநத்தத்தில் நர்ஸம்மா இருக்கும் துணை சுகாதார நிலையத்திலேயே மறுபடி மாதிரி எடுத்தோம். இந்த முறை நானும் போனேன். பட்டியல் கொண்டு போகவில்லை. வந்தவர் தன் பெயரைச் சொல்லச் சொல்ல, எதிரிலேயே எழுதி ஒட்டினேன். ஐந்து பேர் அன்றுதான் முதன்முதலாக அந்தப் பிரஷ்ஷைப் பார்த்தார்கள். வந்தவர்களில் யாருக்கும் வைரஸ் இல்லை. வர வேண்டியவர் ஒருவர் மட்டும் மலையில் இல்லை.

குடகில் அவர் தங்கியிருந்த இடத்தில் சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ரோட்டுக்கு வந்தால் கிடைக்கும். நான்காவது ஞாயிறு அழைப்பு கிடைத்தது. டாக்டரின் அனுமதியோடு நர்ஸம்மாவின் போனில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசினேன். மறுமுனையில், நான் நினைத்திருந்ததைவிடச் சின்னக் குரல். வைரஸ் இருப்பதாலேயே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. டாக்டர் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆரம்ப மாற்றம் இருந்தால் சின்ன சிகிச்சையில் சரியாகும். பார்க்காமல் விட்டால் வலி தெரியாமலே வருடக்கணக்கில் வளரலாம். இதே வரிசையில் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எம்பேருல வந்துச்சுங்களா?"

"இல்லீங்க. உங்க அக்கா பேருல."

"அப்ப அக்காளுதுதானுங்க அது. அக்காளத்தான் பாத்துட்டாங்களே, ஒண்ணுமில்லீன்னு."

குழாய்க்குள் இருந்தது அவருடைய செல்கள் என்று இரண்டு விதமாக விளக்கினேன். புரிந்தது என்றார். அங்கேயே அரசு மருத்துவமனைக்குப் போகலாமே என்று நர்ஸம்மா கேட்டார். அதற்கு அவர் கொஞ்சம் சிரித்தார். இங்கேயும் வேறொருத்தி பெயருக்குத்தான் நிற்கிறேன், நான் ஒரு நாள் வராவிட்டால் அவளுக்கு வேலை போய்விடும் என்றார். பிறகு என்னிடம் கேட்டார்:

"வலியே இல்லாத ஒண்ணுக்கு எப்பிடிங்க லீவு கேக்கறது?"

பறிப்பு முடிந்ததும் வந்துவிடுவேன், பிள்ளைகள் மேல் சத்தியம் என்றார். லாரி ஒன்று கடந்து போகும் சத்தம் கேட்டது. அதோடு அழைப்பு அறுந்தது.

சில நாட்கள் தட்டில் வேறு ஏதோ ஊர்க் குழாய்களை அடுக்கும்போது அந்தக் குரல் வரும். நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் உடம்பைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குப் பல வாரம் முன்பே தெரிந்திருந்தது, ஆனால் பெயர் தெரியாமல் இருந்தது. இப்போது பெயரும் தெரியும். அதனால் எதுவும் இலேசாகவில்லை.

இன்றைய நிலை இது. பழைய அறிக்கையை ரத்து செய்துவிட்டோம். குடகில் காப்பிப் பறிப்பு முடிந்துவிட்டது. அவர்கள் அங்கிருந்து மிளகு பறிக்க வேறொரு தோட்டத்துக்குப் போய்விட்டதாகத் தகவல். எந்தத் தோட்டம் என்று செம்மநத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. நர்ஸம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் அழைக்கிறார், போன் அணைந்திருக்கிறது. பிள்ளைகள் பெரியம்மாவிடம் இருக்கிறார்கள். எந்தப் புதன்கிழமை வந்தாலும் பார்ப்பதாக மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை அவரை எந்த டாக்டரும் பார்க்கவில்லை.